உப்பு ரயில், சீசன் இரண்டு

அத்தியாயம் 9

ஒரே வாரத்தில் நான்கு புது அனிமே சீரிஸ்களின் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டான் அந்தோணி பிரகாஷ். நான்கிலும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கதைகளில் என்னென்னவோ ஆயின. ஓர் அரக்க ராஜா சிம்மாசனத்தை விட்டிறங்கி ஊர்க்கோடியில் சலவைக் கடை வைத்தான். மலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து தொங்குபாலம் கட்டக் கிளம்பினார்கள். இன்னொன்றில் எல்லாரும் கையில் வாளோடு பிறந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நாலாவதில் ஒரு பூனை நீதிபதி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரிகல் லேபில், மோட்டார்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனில் பார்த்தான். பழக்கதோஷத்தில் நோட்டில் குறிப்பும் எழுதினான்.

'சலவைக் கடை: சோப்பு நுரை நன்றாக வரைந்திருக்கிறார்கள். அரக்கன் அதிகம் பேசுகிறான். பாலம்: மழைக்கு மெனக்கெட்டிருக்கிறார்கள், முகங்களுக்கு இல்லை. வாள்: வேண்டாம். பூனை: பரவாயில்லை.'

எழுதியதைப் படித்துப் பார்த்தான். மீட்டர் ரீடிங் போல இருந்தது. அமுதாவாக இருந்தால் அந்தப் பூனைக்கு மட்டும் கால் மணி நேரம் பேசியிருப்பாள்.

அமுதா போய் இன்றோடு அறுபத்தாறு நாள்.

எட்டு அத்தியாயமாக இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர்களுக்கு இது தெரியும். இன்றுதான் வாசற்படி ஏறுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிரகாஷின் மனைவி அமுதாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் மூன்று வருடம் டயாலிசிஸ் ஓடியது. வாரத்துக்கு மூன்று நாள், தர்மபுரிக்குப் போய், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். நாலு மணி நேரத்துக்குப் பத்து எபிசோடு என்று கணக்கு. ஒரு போன், ஒரு இயர்போன், ஆளுக்கொரு காது. அப்படித்தான் அனிமே அந்த வீட்டுக்குள் வந்தது.

பிறகு சேனல் வந்தது. பெயர் 'மூணு எபிசோடு'. மூன்று எபிசோடு பார்க்காமல் எதையும் மட்டம் தட்டக் கூடாது என்பது அமுதாவின் சட்டம். ஒவ்வொரு புது சீசனுக்கும் முதல் எபிசோடு பார்த்த சூட்டோடு அவள் பேசுவாள், பிரகாஷ் வெட்டி ஒட்டி ஏற்றுவான். முகம் காட்டியதில்லை. குரல் மட்டும். பின்னால் மெஷின் 'பீப்' என்று கத்திக்கொண்டே இருக்கும். 'அந்த பீப் மியூசிக் செம' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அமுதா அதைப் படித்துவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

ஆறாயிரம் பேர். அவள் இல்லை என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பிரகாஷ் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்கவும் இல்லை. அந்த இடத்துக்குப் போனாலே மனசு மரத்த கால் போல அப்படியே கிடந்தது.

போன வாரம் அமுதாவின் தங்கை எழிலரசி, அவனைக் கேட்காமலே சேனலில் ஒரு வரி போட்டுவிட்டாள்: 'உப்பு ரயில் சீசன் 2, செவ்வாய் இரவு எட்டு மணி. முதல் பார்வை வரும்.'

அந்தச் செவ்வாய்க்கிழமை இன்று. அக்டோபர் ஏழு.

உப்பு ரயில் அமுதாவின் உயிர். உப்பளங்களுக்கு நடுவே ஓடும் ஒரு பழைய ரயில். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைக் காத்து வைக்கும் மியோ என்ற பெண். ஒரு கிழட்டு டிரைவர். முதல் சீசனின் கடைசிக் காட்சியில், பெயர்ப் பலகை இல்லாத ஸ்டேஷனில் டிரைவர் தண்ணீர் பிடிக்க இறங்குகிறார். ரயில் தானாக நகர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். மூன்று வருடமாக அவர் அங்கேயே நிற்கிறார்.

"அந்த ஆளு கதி என்னான்னு தெரியாம நான் சாவ மாட்டேன்" என்று அமுதா சொல்லிக்கொண்டிருந்தாள். ஜூலையில் டிரைலர் வந்தது, தேதியோடு. ஆகஸ்டு இரண்டாம் தேதி அவள் போய்விட்டாள்.

டிரைலர் வந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கவர் எழுதினாள். அது அவர்களுக்குள் விளையாட்டு. டிரைலரை மட்டும் பார்த்து, முதல் எபிசோடில் என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி ஒட்டி வைப்பது. பார்த்து முடித்த பிறகுதான் இரண்டையும் பிரிக்க வேண்டும். மூன்று வருடத்தில் பிரகாஷ் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

லேப் ரிப்போர்ட் வரும் பழுப்புக் கவரைச் சின்னதாக மடித்து, ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் வெள்ளை டேப்பால் மூடி, மேலே எழுதினாள்: 'அக்டோபர் 7, செவ்வாய். அதற்கு முன்னால் பிரிக்கக் கூடாது.'

பிரகாஷ் அதைக் கொண்டுவந்து பீரோவில், அவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தான். அதன் பிறகு அந்த வீட்டில் அவன் கை படாத ஒரே பொருள் அதுதான்.

அவள் எழுதியதில் அவன் இன்னும் படிக்காதது அது ஒன்றுதான் மிச்சம். அதைப் பிரித்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை என்றால்? மோட்டாரை ஆஃப் செய்தான். லேபைப் பூட்டினான்.

*

வீட்டுக்கு வரும்போது ஐந்தேகால். மொரப்பூர் போகும் சாலையிலிருந்து உள்ளே இறங்கினால் நாலாவது வீடு. வாசலில் எழிலரசியின் செருப்பு கிடந்தது. சேலத்தில் பி.காம். கடைசி வருடம். ரயிலில் மொரப்பூர் வந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பை. மாமியார் மிக்கேலம்மாளின் நீலக் கோடு போட்ட பிளாஸ்டிக் கூடைப் பை. ஜிப் இழுக்க முடியாமல் பிதுங்கிக்கொண்டு, கதவு ஓரமாக.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஊருக்குப் போவதாகச் சொன்னவள், இன்னும் பத்து நாள், இன்னும் ஒரு வாரம் என்று நின்றுவிட்டாள். நாளைக் காலையில் கட்டாயம் கிளம்புகிறாள். நிலக்கடலை பிடுங்கும் நேரம். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. பிரகாஷ் பையைப் பார்த்தான். தாண்டிப் போனான்.

"என்னா மாமா, பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி வர்றீங்க?" என்றாள் எழிலரசி. "சிரிச்சா பிட்டு அடிச்சிருவாங்கன்னு பயமா?"

"எப்ப வந்த?"

"மூணு மணிக்கே. உங்க டிவியில நெட்டு வரல. சரி பண்ணிட்டேன். எட்டு மணிக்கு ரெடி."

சமையலறைக்குள்ளிருந்து மிக்கேலம்மாளின் குரல் வந்தது. "எழிலு, மாப்ளைக்குக் காப்பிக்கு ஒரு கரண்டி சர்க்கர பத்துமான்னு கேளு."

பிரகாஷ் நின்ற இடத்துக்கும் அடுப்புக்கும் எட்டடி. ஆனாலும் கேள்வி எழிலரசி வழியாகத்தான் வரும். மருமகன் முகம் பார்த்துப் பேசுவது, அவன் எதிரே நாற்காலியில் உட்காருவது, இரண்டும் மிக்கேலம்மாளுக்கு வராது. எழிலரசி இல்லாத நாட்களில் சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

"பத்துமாம்" என்றாள் எழிலரசி, அவனைக் கேட்காமலே. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாமா, அக்கா கவர எடுத்து வச்சிட்டீங்களா? உங்களுது எழுதிட்டீங்களா?"

"எழுதல."

"எழுதாம எப்படிப் பிரிக்கறது? ரூல்ஸு இல்ல?"

பீரோவைத் திறந்தான். அமுதாவின் புடவைகளுக்கு மேல், எப்போதும் இருக்கும் இடத்தில், ஜெபப் புத்தகம் இல்லை.

"அத்தை, இங்க ஒரு ஜெபப் புத்தகம் இருந்துதுங்களே."

கரண்டிச் சத்தம் நின்றது. "ஜெபமாலை மாசம் இல்லீங்களா மாப்ள" என்றாள், அடுப்புச் சுவரிடம். "ஒண்ணாந் தேதியில இருந்து நான்தான் வச்சிப் படிக்கறேன். எழிலு, என் தலகாணிக்குக் கீழ இருக்குது, எடுத்துக் குடு."

புத்தகம் வந்தது. பிரகாஷ் புரட்டினான். மாதா படம். உலர்ந்த குருத்தோலைத் துண்டு. மறுபடி கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினான்.

"இதுல ஒரு கவர் இருந்துதுங்க."

மிக்கேலம்மாள் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். இந்த இரண்டு மாதத்தில் அந்த முகத்தில் அவன் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"அது பத்தரமாப் போய்ச் சேந்துட்டுதுங்க."

"எங்க?"

"கெபியில. பொட்டியில போட்டுட்டேன். ஞாயித்துக்கெழமப் பூசைக்குப் போனப்பவே." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு எழுத்துன்னு பாத்ததும் தெரிஞ்சிட்டுது. செவ்வாக்கெழமன்னு எழுதியிருந்தா. இன்னிக்குச் செவ்வாய் மட்டுமில்லீங்க, ஜெபமாலை மாதா திருநாளும். புள்ள தேதி பாத்து வேண்டுதல் எழுதி வச்சிட்டுப் போயிருக்கா. நம்மதான் பாக்காம இருந்துட்டோம்."

எழிலரசி வாயில் கை வைத்தாள். "அம்மா! அது அனிமேம்மா!"

"எது?"

பிரகாஷ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நாற்பது.

ஊர்க் கோயிலை ஒட்டி, குகை போலக் கட்டிய அந்தோணியார் கெபியில் செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு நவநாள். வாரம் முழுக்க விண்ணப்பப் பெட்டியில் விழுந்த கவர்களை ஓர் இரும்புத் தட்டில் கொட்டி, அந்தோணியார் சுரூபத்தின் முன் வைத்து ஜெபம் சொல்லி மந்திரிப்பார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் கொளுத்திவிடுவார்கள். ஒன்றையும் பிரித்துப் படிப்பதில்லை. அதனால்தான் ஜனங்கள் நம்பி எழுதுகிறார்கள்.

"வண்டிய எடுங்க மாமா" என்றாள் எழிலரசி. "அம்மா, நீயும் போ. போட்டவ நீதான? உபதேசியாரு உன்கிட்டதான் குடுப்பாரு."

"வண்டியிலயா? மாப்ள பின்னாடியா?"

"பின்ன, நீ ஓட்டறியா?"

*

மிக்கேலம்மாள் அவன் முதுகுக்கும் தனக்கும் நடுவே ஜெபப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, சீட்டின் கடைசி நாலு விரற்கடையில் உட்கார்ந்து வந்தாள். வேகத்தடை வரும்போதெல்லாம் "யேசுவே" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது.

கெபி முன்னால் நூறு பேர் இருப்பார்கள். பிரார்த்தனை தொடங்கியிருந்தது. சாமந்தி மாலை போட்ட சுரூபத்தின் காலடியில் இரும்புத் தட்டு. தட்டு நிறைய வெள்ளைக் கவர், பழுப்புக் கவர், நோட்டுத் தாள்.

கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் சவுரியப்பன் ஓரமாக, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இருபது வருடமாக விண்ணப்பப் பெட்டியின் சாவி அவர் இடுப்பில்தான்.

"என்னா பிரகாசு, அதிசயமா இருக்குது. செவ்வாக்கெழமன்னா கெபிப் பக்கம் வர மாட்டியே."

"ஒரு கவர் திருப்பி வேணுங்க."

"என்னாது?"

"தெரியாம பெட்டியில போட்டுட்டாங்க. அது வேண்டுதல் இல்லீங்க."

சவுரியப்பன் மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். "தபால் பொட்டியில போட்ட லெட்டர போஸ்ட்மேன்கிட்ட திருப்பிக் கேப்பியா நீ? இங்க ஒரே ஒரு தடவதான் ஒருத்தன் வந்து கேட்டான். மாமியாருக்குக் காலு வெளங்காமப் போவணும்னு எழுதிப் போட்டானாம். மறுநா அவன் காலு உளுக்கிக்கிட்டுது. பயந்துக்கிட்டு ஓடியாந்தான்." மிக்கேலம்மாளைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ஆருது? அமுதா எழுதுனதா?"

"ஆமாங்க."

"அப்ப அது வேண்டுதல்தான். சாவற புள்ள வேற என்னாத்த எழுதும்?"

பிரகாஷுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பொய்க்கும் ஒரு தெம்பு வேண்டும்.

"ஒரு கார்ட்டூன் பத்திங்க."

"கார்ட்டூனா?"

"ஜப்பான் படம். அதுல அடுத்து என்ன நடக்கும்னு எழுதியிருப்பா. நானும் அவளும் எழுதி எழுதி வச்சிக்குவோம். அவ்வளவுதாங்க."

மைக்கில் அடுத்த மன்றாட்டு போய்க்கொண்டிருந்தது. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று நூறு பேர் சொன்னார்கள்.

மிக்கேலம்மாள் முதல்முறையாக அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எம் பொண்ணு போறதுக்கு முன்னாடி கடசியா எழுதுனது கார்ட்டூனுங்களா?"

"ஆமாங்க அத்தை."

"அதுல எங்களப் பத்தி ஒண்ணும் இருக்காதுங்களா? என்னப் பத்தி? எழிலப் பத்தி?"

"தெரியலீங்க. எப்பவும் படத்தப் பத்தித்தான் எழுதுவா."

அவள் தட்டைப் பார்த்தாள். பழுப்புக் கவர் மேலாகவே கிடந்தது. வெள்ளை டேப் இங்கிருந்தே தெரிந்தது.

"போட்டவங்க கேட்டா குடுக்கலாம்" என்றார் சவுரியப்பன், பட்டும் படாமல். "இவன் கேட்டுக் குடுக்க முடியாது. நீங்க சொல்லுங்க மிக்கேலம்மா. வேணுமா, வேண்டாமா? கடசிப் பாட்டு வந்துரும்."

வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுடைய மகள் கடைசியாகக் கடவுளிடம் பேசிவிட்டுப் போனவளாக இருப்பாள். சற்று முன்பு அந்த முகத்தில் அவன் பார்த்த வெளிச்சம் அப்படியே இருக்கும். பிரகாஷுக்கு அது புரிந்தது. கெஞ்ச வேண்டும் என்று தெரிந்தது. நாக்கு எழவில்லை.

கடைசிப் பாட்டு தொடங்கியது. சவுரியப்பன் பீடத்து மெழுகுவர்த்தியை எடுக்க நகர்ந்தார்.

"அவ சிரிச்சிக்கிட்டே எழுதுனா" என்றாள் மிக்கேலம்மாள்.

"என்னாங்க?"

"அன்னிக்கு நான் கஞ்சி எடுத்தாந்தேன். கட்டல்ல உக்காந்துகிட்டு, பேப்பர மறச்சிக்கிட்டு, வாயப் பொத்திச் சிரிச்சிக்கிட்டே எழுதுனா. என்னாடி எழுதறன்னு கேட்டேன். போம்மான்னுட்டா." ஜெபப் புத்தகத்தைக் கை மாற்றிக்கொண்டாள். "வேண்டுதல எவளாச்சும் சிரிச்சிக்கிட்டு எழுதுவாளா? போடும்போதே எனக்குத் தெரியும் மாப்ள. தெரிஞ்சிதான் போட்டேன்னு நெனைக்கறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தாள். சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டாள். தட்டுக்குள் கையை விட்டாள்.

"ஏய் மிக்கேலம்மா, என்னா பண்ற?" என்று முன்வரிசையில் ஒருத்தி பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தப்பா போட்டுட்டேன். புனிதருக்கு இல்ல, எம் மருமவனுக்கு வந்தது."

பின்னால் தட்டு பற்றிக்கொண்டது.

*

ஏழு ஐம்பதுக்கு எழிலரசி ஒரு பேனாவையும் தாளையும் நீட்டினாள். லேப் அப்சர்வேஷன் ஷீட்.

"எழுதுங்க மாமா. இல்லன்னா ஆட்டம் செல்லாது."

பிரகாஷ் யோசிக்கவில்லை. யோசிக்க உள்ளே எதுவும் ஓடவில்லை. 'டிரைவர் திரும்பி வந்துவிடுவார்' என்று எழுதினான். மடித்தான். டிவி மேசையில் அமுதாவின் கவரும் அவன் தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

எழிலரசி தன் போனை நாற்காலிக் கையில் சாய்த்து வைத்தாள். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பார்த்தான். நிறுத்தச் சொல்லவில்லை.

மிக்கேலம்மாள் வந்து அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழிலரசி கண்ணை அகலத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு அப்படி என்னாத்தப் பாத்தான்னு நானும் பாக்கறேன். என்னா பேசறாங்கன்னு யாராச்சும் சொல்லுங்க."

கீழே ஆங்கில எழுத்து ஓடியது. எழிலரசி பேச வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. பிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லத் தொடங்கினான். சேனலில் அவன் குரல் இதுவரை வந்ததே இல்லை.

"இது மியோ. 'அடுத்த ஸ்டேஷன் எதுன்னு தெரியல'ன்னு சொல்றா."

"எதுக்கு இவளுக்குக் கண்ணு இவ்ளோ பெருசு? தூங்கியே ரொம்ப நாளாவுது போல."

"அம்மா, அனிமேன்னா அப்படித்தான்."

"'வண்டிய நிறுத்த எனக்குத் தெரியாது'ன்னு சொல்றா."

"சாப்புட்டாளா இல்லியா இவ? வந்ததுல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலியே."

ஓப்பனிங் பாட்டு வந்தது. மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை. உப்பளத்தை மட்டும் அசத்தியிருந்தார்கள். வெள்ளைக்கு இத்தனை நிறம் இருக்கிறது என்று எழுத, பிரகாஷின் கை தானாக நோட்டைத் தேடியது.

எபிசோடு பாதியில் மியோ டிரைவர் அறைக்குள் போகிறாள். காலி ஸ்டூல். கொக்கியில் தொப்பி. ஜன்னலோரம் அவர் சாப்பிட்டுவிட்டு வைத்த டிபன் பாக்ஸ், மூடாமல்.

"அட, எச்சில் டப்பா அப்படியே கெடக்குது பாரு. யாராச்சும் கழுவி வைக்கக் கூடாது?" என்றாள் மிக்கேலம்மாள்.

மியோ அதை எடுத்தாள். ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் போனாள். பக்கெட்டில் தண்ணீர் மொண்டு கழுவினாள். மூடியைத் தனியாக. ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாக. நாலு நிமிடம் வசனம் இல்லை. இசையும் இல்லை. தண்ணீர் சத்தம் மட்டும்.

பிரகாஷுக்குச் சொல்வதற்கு வரி இல்லை.

டிரைவர் வரவில்லை. கழுவிய டப்பாவைத் துணியில் சுற்றி, மறந்துபோன சாமான்கள் அலமாரியில் மியோ வைத்தாள். ஒரு சீட்டு எழுதிக் கட்டினாள். எபிசோடு முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் மிக்கேலம்மாள்.

"அவ்வளவுதாங்க."

"நல்லாத்தான் இருக்குது."

எழிலரசி கவரை எடுத்து அவன் கையில் வைத்தாள். டேப் லேசில் வரவில்லை. ஆஸ்பத்திரி டேப். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தோல் மேல் ஒட்டியதை எடுப்பது போல மெதுவாக உரித்தான். அப்படித்தான் அவன் கைக்குப் பழக்கம்.

உள்ளே இரண்டு தாள். மேலாக இருந்ததைப் பிரித்து வாய்விட்டுப் படித்தான்.

"'டிரைவர் வர மாட்டார். யாரும் அவரைத் தேடவும் மாட்டார்கள். தேடினால் நான் இந்த சீரிஸை அன்றே விட்டுவிடுவேன். ஓப்பனிங் பாட்டு மொக்கையாக இருக்கும். அவர் விட்டுப்போன சாமான் ஏதாவது ஒன்றை மியோ எடுத்து வைப்பாள், அதுதான் மொத்த எபிசோடும். பிரகாஷ்...'"

படிப்பதை நிறுத்திவிட்டான். எழிலரசி எட்டிப் பார்த்து மிச்சத்தைப் படித்தாள்.

"'பிரகாஷ், டிரைவர் வந்துடுவாருன்னு எழுதியிருப்பான். எப்பவும் அப்படித்தான். லூசு.'"

எழிலரசி அப்சர்வேஷன் ஷீட்டைப் பிரித்துக் காட்டினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஆனாலும் படிக்க முடிந்தது.

பிரகாஷின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவனுக்கே தெரியவில்லை. அறுபத்தாறு நாளில் அவன் கேட்காமலே உள்ளிருந்து வந்தது அதுதான். வந்தது, நின்றுவிட்டது. அவன் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"இன்னொண்ணு இருக்குதே மாமா."

இரண்டாவது தாள் சிறியது. நாலாக மடித்து, அதற்கும் தனியாக டேப். மேலே அமுதாவின் கையெழுத்து. பிரகாஷ் படித்தான். எழுந்து போய் மாமியாரிடம் நீட்டினான்.

'அம்மாவுக்கு. மூணாவது எபிசோடு பார்த்த பிறகு.'

மிக்கேலம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். டேப்பின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள்.

"பிரிம்மா" என்றாள் எழிலரசி.

"மூணாவது எப்ப வருதுங்க மாப்ள?"

"இருபத்தோராந் தேதிங்க."

"அதுவும் செவ்வாக்கெழமதானுங்களா?"

"ஆமாங்க அத்தை."

அவள் ஜெபப் புத்தகத்தைத் திறந்தாள். மாதா படத்துக்கும் குருத்தோலைக்கும் நடுவே தாளை வைத்தாள். மூடினாள்.

"ஏம்மா, இப்பவே பிரிச்சா என்னா?"

"ஒரு தடவ அவசரப்பட்டது பத்தாதா?"

"உன்ன இன்னும் ரெண்டு வாரம் கட்டிப் போட்டுட்டாளே அக்கா" என்றாள் எழிலரசி. சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்ப கடல பிடுங்கறது?"

மிக்கேலம்மாள் கதவோரம் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு பிரகாஷைப் பார்த்தாள், சுவரை அல்ல.

"அடுத்த வாரமாச்சும் அந்தப் பொண்ணு சாப்புடுவாளா மாப்ள?"

"தெரியலீங்க. பாக்கறதுக்கு முன்னாடி எழுதி வைக்கணும். அதான் ரூல்ஸு."

போன் தன்பாட்டுக்கு ரெக்கார்டு செய்துகொண்டிருந்தது.

"ஒரு பேப்பரு குடுங்க" என்றாள் மிக்கேலம்மாள்.

பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாக எழுதினாள். எழிலரசி எட்டிப் பார்க்கப் போனாள்.

"போடி" என்று இடது கையால் தாளை மறைத்துக்கொண்டாள்.